எட்டுக் கார்பனா, பதினாறா?

நாகர்கோவிலில் செல் சமிக்ஞை ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் செயற்கை பிஐபி2 (செல் சவ்வில் இருந்து சமிக்ஞைக்கு உதவும், பாஸ்பேட் தாங்கிய கொழுப்பு) வாங்கும்போது தடுமாறுவது இங்கேதான்: கொழுப்பு வால்கள் எட்டுக் கார்பன் நீளமா, பதினாறா?

எட்டுக் கார்பன் வகை தண்ணீரிலேயே கரையும். அயனிக் கால்வாய்ச் (சவ்வில் அயனிகளைக் கடத்தும் புரதத் துளை) சோதனையில் சவ்வின் உட்புறம் செலுத்தினால் அதைச் சார்ந்த கால்வாய்கள் திறக்கும். கழுவினால் விளைவும் விரைவில் தணியும். ஒரே சவ்வுத் துண்டில் திரும்பத் திரும்ப அளக்க இதைவிட வசதி இல்லை.

பதினாறு அப்படியல்ல. குளோரோபார்ம், மெத்தனால், கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கரைத்து, உலர்த்தி, லிப்போசோமாக்க (நுண்ணிய கொழுப்புக் குமிழிகளாக்க) வேண்டும். மெனக்கெடல்தான். ஆனாலும் சவ்வில் நங்கூரம் பாய்ச்சியதுபோல் நிற்கும். எந்தப் புரதம் வந்து ஒட்டுகிறது என்று பார்ப்பதற்கு நான் தயங்காமல் இதையே எடுப்பேன்.

பாஸ்பேட்டுகளின் எதிர்மின் சுமையால் இரண்டுமே உயிருள்ள செல்லுக்குள் எளிதில் நுழைவதில்லை. சுமந்து செல்லும் துணைப்பொருள் வேண்டும்.

எதை வாங்கினாலும், இரண்டு பருவமழையும் நனைக்கும் குமரி மாவட்டத்தில் ஈரம்தான் பகை. மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் உள்ளே நீர் படிந்து, வெண்பொடி பிசுபிசுத்துவிடும். குப்பி அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியைத் தொடாதீர்கள்.