வேர்ட்பிரஸா ட்ரூபலா: இரண்டு வார ஸ்பிரிண்ட்டுக்கு எது தோது?

எங்கள் தமிழ் மன்றத்தின் இணையத்தளத்தைப் போன ஆண்டு வேர்ட்பிரஸிலிருந்து ட்ரூபலுக்கு மாற்றினோம். இரண்டும் இணையத்தளம் கட்டி நடத்த உதவும் மென்பொருள்கள். நாலு பேர், எல்லாரும் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் (குறுகிய வேலைச் சுற்று), அது முடியும் வியாழன் இரவு சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கூடி டெமோ. இரண்டையும் இதே முறையில் ஓட்டிப் பார்த்ததில் என் ஓட்டு ட்ரூபலுக்குத்தான்.

தெரிந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இரண்டும் பிஎச்பி நிரல்மொழியில் எழுதியவை, இரண்டும் ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமம். எழுதிப் போடுவதற்கு வேர்ட்பிரஸ்தான் சுலபம், மன்றத்துப் பெரியவர்கள் ஒரே மாலையில் பழகிக்கொண்டார்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பக்கம் வேண்டுமென்றால் வேர்ட்பிரஸுக்கு பாலிலாங் மாதிரி ஒரு பிளகின் (கூடுதல் நிரல்) போட வேண்டும், ட்ரூபலில் 8ஆம் பதிப்பிலிருந்தே அது உள்ளேயே இருக்கிறது.

எங்களை மாற வைத்தது செட்டிங். ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்காகச் சோதனைத் தளத்தில் நிகழ்ச்சிப் பக்கத்துக்கு விவரம் நிரப்ப இரண்டு புதுக் கட்டங்கள் சேர்த்தோம், டெமோவில் எல்லாரும் சரி என்றார்கள். அப்புறம்தான் தலைவலி. வேர்ட்பிரஸில் செட்டிங் பெரும்பாலும் டேட்டாபேஸில் கிடக்கும், அதை அப்படியே தூக்கி லைவில் (மக்கள் பார்க்கும் தளத்தில்) போட்டால் இடையில் வந்த முன்பதிவுகள் அழிந்துவிடும். அதனால் பதினெட்டுப் படிகளை எழுதிவைத்து லைவில் கையால் ஒவ்வொன்றாகச் செய்தேன், இரவு 11 மணிக்கு ஒன்றை விட்டுவிட்டேன். காலையில் செயலாளர் அக்கா போன் பண்ணி, "தம்பி, நேத்து காட்டினியே, இடம் போடுற கட்டம், அதைக் காணோமே?" என்றார். கட்டங்கள் சேர்க்க உதவும் ஏசிஎஃப் பிளகினில் அவற்றை ஜேசன் என்ற உரைக் கோப்பாக வைத்துக்கொள்ளலாம், உண்மைதான், ஆனால் மற்ற பிளகின்களின் செட்டிங்குக்கு அது உதவாது.

ட்ரூபலில் ஒரு கட்டளை கொடுத்தால் செட்டிங் முழுக்க யாமல் என்ற உரைக் கோப்புகளாக வெளியே வரும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் ஏற்றலாம். போன ஸ்பிரிண்ட்டில் நிகழ்விடத்தைக் கட்டாயமாக்கினோம். 'ஃபால்ஸ்' (இல்லை) என்பது 'ட்ரூ' (ஆம்) ஆன அந்த ஒற்றை வரியை நண்பர் எம்ஆர்டி ரயிலில் வரும்போதே போனில் பார்த்துச் சரி என்றார். லைவில் இன்னொரு கட்டளை, முடிந்தது. முன்பதிவு ஒன்றுகூட அசையவில்லை.

பராமரிப்பில் வேர்ட்பிரஸுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: 2013இல் வந்த 3.7இலிருந்து சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே ஏறிவிடும். ட்ரூபலின் மைய நிரலுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கமாக மாதத்தின் மூன்றாம் புதன்கிழமை வரும், அமெரிக்காவில் புதன் என்றால் நமக்கு வியாழன் விடிந்திருக்கும், காம்போசர் என்ற கருவியில் ஏற்றிச் சோதிக்க ஒரு ஆள் வேண்டும். அதற்கு முறை வைத்திருக்கிறோம்.

ட்ரூபலின் பழைய பதிப்பு 7இலிருந்து 8க்குப் போனவர்கள் தளத்தையே திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. 8க்குப் பிறகு அந்தப் பாடு குறைந்துவிட்டது என்றாலும், நாங்கள் 11இல்தான் தொடங்கினோம், பெரிய பதிப்பு மாற்றம் எதையும் என் கையால் இன்னும் செய்ததில்லை, அதனால் அந்த விஷயத்தில் என் பேச்சைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆள் எழுதுகிற வலைப்பூவுக்கு வேர்ட்பிரஸே போதும், என் தங்கைக்கும் அதைத்தான் போட்டுக் கொடுத்தேன்.