ஒரே ஆளை இருமுறை சோதிப்பதா, இரண்டு குழுவாகப் பிரிப்பதா?

முதலில் எட்டு எண்கள். விளக்கத்துக்காக நானே போட்டவைதான். 20 சொற்கள் கொண்ட பட்டியலை அமைதியான அறையில் படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதியவர்களின் மதிப்பெண்: 14, 9, 17, 11. இரைச்சலுக்கு நடுவே படித்தபோது: 12, 8, 15, 9. முதல் சராசரி 12.75, இரண்டாவது 11. வித்தியாசம் 1.75 சொல்.

இவை எட்டு வெவ்வேறு ஆட்களின் மதிப்பெண்கள் என்று வைத்துக்கொண்டால் டி மதிப்பு, அதாவது சராசரி வித்தியாசத்தைத் தற்செயல் ஏற்ற இறக்கத்தின் அளவால் வகுத்தால் கிடைப்பது, 0.74 வரும். அதை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அதே எட்டு எண்களும் நான்கே பேர் இரண்டு நிலைகளிலும் எழுதியவை என்றால் டி மதிப்பு 7. ஓர் எண்கூட மாறவில்லை, சராசரி வித்தியாசமும் அதேதான். மாறியது வகுக்கும் எண் மட்டும். முதல் கணக்கில் ஆளுக்கு ஆள் இருக்கும் ஏற்ற இறக்கம் முழுவதும் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. அமைதிக் குழுவின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி எண்கள் சிதறியிருக்கும் அளவு) மட்டுமே 3.5. இரண்டாவது கணக்கில் ஒவ்வொருவரும் தன்னோடுதான் ஒப்பிடப்படுகிறார். வித்தியாசங்கள் 2, 1, 2, 2. அவற்றின் திட்ட விலக்கம் 0.5.

பிழை மாறுபாடு என்பது இதுதான். 'பிழை' என்றதும் யாரோ தப்புச் செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒருவருக்கு இயல்பிலேயே ஞாபகசக்தி அதிகம், இன்னொருவர் நேற்று இரவு தூங்கவில்லை, மூன்றாமவருக்குப் பட்டியலில் இருந்த சொற்கள் ஏற்கெனவே பழக்கம். நாம் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் மதிப்பெண்ணை ஆட்டி வைப்பவை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

சமவாய்ப்பு முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. சீட்டுக் குலுக்கிப் போடுவதால் ஞாபகசக்தி அதிகமுள்ளவர்கள் எல்லாரும் திட்டமிட்டு ஒரே பக்கம் போய்ச் சேருவது தடுக்கப்படுகிறது. அதாவது ஒப்பீடு நியாயமாகிறது. ஆனால் ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாடு அப்படியேதான் இருக்கும். அதைச் சமாளிக்கக் குழு வடிவமைப்பிடம் உள்ள வழி ஒன்றுதான்: ஆட்களைக் கூட்டு. எதிர்வினை நேரத்தில் ஆளுக்கு ஆள் திட்ட விலக்கம் 100 மில்லி விநாடி, நாம் தேடும் விளைவு 20 மில்லி விநாடி என்று வைப்போம். 80 விழுக்காடு கண்டறியும் திறன், அதாவது விளைவு உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்க அவ்வளவு வாய்ப்பு, வேண்டுமென்றால் இரண்டு குழுவிலும் சேர்த்து 790 பேர் அளவுக்குத் தேவை. ஒரே ஆட்களை இருமுறை அளந்து, இரு அளவுகளுக்கும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு; முழுமையாக ஒத்துப்போனால் 1) 0.8 ஆக இருந்தால் 80 பேர் போதும்.

சரி, அப்படியானால் எப்போதும் ஒரே ஆளையே இருமுறை சோதித்துவிடலாமே? முடியாது. ஒருவருக்கு நினைவாற்றல் உத்தி ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு, 'இப்போது அதை மறந்துவிட்டுப் படியுங்கள்' என்று சொல்ல முடியுமா? மனச்சிகிச்சையும் அப்படித்தான். முதல் நிலை விட்டுப்போன தடம் இரண்டாவது நிலைக்குள் நுழைந்துவிடும். இரண்டாம் முறை என்பதாலேயே வரும் பழக்கமும் சலிப்பும் தனி.

வரிசையை மாற்றி மாற்றிக் கொடுப்பது வழக்கமான மருந்து. இரண்டு நிலை என்றால் பாதிப் பேருக்கு ஒன்று முதலில், மீதிப் பேருக்கு மற்றது. நான்கு நிலை என்றால் 24 வரிசைகள் ஆகிவிடும். அத்தனையையும் ஓட்டத் தேவையில்லை; இலத்தீன் சதுரம் போட்டால் நான்கு வரிசைகளிலேயே ஒவ்வொரு நிலையும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை வந்துவிடும். ஆனால் இந்த மருந்து பழக்கத்துக்கும் சலிப்புக்கும்தான் கேட்கும். உத்தியை முதலில் கற்றவர் அதைச் சாதாரண நிலைக்கும் சுமந்து செல்கிறார். சாதாரண நிலையை முதலில் முடித்தவர் எதையும் சுமக்கவில்லை. இந்த ஒருதலைத் தடத்தை எந்தச் சதுரமும் சமன் செய்யாது. அப்போது மறுபேச்சில்லாமல் தனித்தனிக் குழுதான்.

குழு வடிவமைப்புக்கும் வினோதமான ஒரு பலவீனம் உண்டு. உளவியலாளர் மைக்கேல் பிர்ன்பாம் 1999இல் ஒரு சோதனை செய்தார். ஒரு குழுவிடம் 9 என்ற எண் எவ்வளவு பெரியது என்று மதிப்பிடச் சொன்னார். இன்னொரு குழுவிடம் 221. சராசரியில் 9தான் பெரிய எண்ணாக வந்தது! ஒற்றை இலக்க எண்களின் கூட்டத்தில் 9 பெரியது, மூன்று இலக்க எண்களின் கூட்டத்தில் 221 சிறியது. ஒவ்வொரு குழுவும் தன் மனதுக்குள் வேறு அளவுகோலை எடுத்துக்கொண்டது. இரண்டு எண்களையும் ஒரே ஆளிடம் காட்டியிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. 'எவ்வளவு பிடித்திருக்கிறது', 'எவ்வளவு நியாயம்' என்று கேட்கும் ஆய்வுகள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது தொகுதி வடிவமைப்பு. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வளர்த்தெடுத்த யோசனை இது. மண்ணின் தன்மை இடத்துக்கு இடம் மாறும்; அதனால் நிலத்தை ஒரே மாதிரி மண் உள்ள தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா உரங்களையும் போட்டுப் பார். உளவியலில் மண்ணுக்குப் பதில் முன்தேர்வு (சோதனைக்கு முன்பே வைக்கும் தேர்வு) மதிப்பெண்ணோ வயதோ வரும். இன்னும் நெருக்கினால் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்க்கலாம்.

இதன் பலத்தைக் காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் உளவியலுக்கு வெளியே இருக்கிறது. 1930இல் ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயரில் பள்ளிப் பிள்ளைகள் 20,000 பேரை வைத்துப் பால் குடிப்பதால் வளர்ச்சி கூடுகிறதா என்று சோதித்தார்கள். குழுக்கள் சமமாக இல்லை என்று தோன்றினால் பிள்ளைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி இருந்தது. 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியலாளர் வில்லியம் கோஸெட் 1931இல் இதைப் பிரித்து மேய்ந்தார். இளைத்த பிள்ளைகள்மேல் இரக்கப்பட்டு அவர்களைப் பால் குழுவுக்குள் தள்ளியிருக்கிறார்கள் என்பது அவர் சந்தேகம். அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம்: ஒரே கருவில் பிறந்த இரட்டையர் 50 ஜோடி இருந்தாலே இதைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும்.

ஆனால் இரட்டையர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. வயது, படிப்பு, முன்தேர்வு மதிப்பெண் என்று மூன்றையும் பொருத்தி ஜோடி தேடியவர்களுக்குத் தெரியும்: பாதிப் பேர் ஜோடியில்லாமல் நிற்பார்கள். பல அம்சங்களில் ஜோடி சேர்ப்பது உழைப்புக்கு ஏற்ற பலன் தருவதில்லை என்பது என் கருத்து. விளைவோடு நெருங்கிய ஒட்டுறவு உள்ள ஒன்றே ஒன்றைப் பிடித்தால் போதும்.

அந்த ஒன்றை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு, பிறகு கணக்கில் கழிப்பது ஆன்கோவா. கழியும் அளவு ஒட்டுறவின் வர்க்கம். 0.3 என்றால் பிழை மாறுபாட்டில் 9 விழுக்காடுதான் குறையும், 0.5 என்றால் 25, 0.7 என்றால் 49. ஒட்டுறவு 0.4க்குக் கீழே இருந்தால் தொகுதி, 0.6க்கு மேலே போனால் ஆன்கோவா என்று லியோனார்ட் ஃபெல்ட் 1958இல் ஒப்பிட்டுச் சொன்னது இன்னும் உதவுகிறது.

ஆன்கோவாவில் ஒரு கண்ணி. ஆட்கள் சமவாய்ப்பாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும், துணைமாறியை, அதாவது கணக்கில் கழிக்கும் அந்த ஒன்றை, சோதனைக்கு முன்பே அளந்திருக்க வேண்டும். ஏற்கெனவே வேறுபட்டிருக்கும் குழுக்களை இந்தக் கணக்கால் சமமாக்கிவிட முடியாது. ஃபிரெடெரிக் லார்ட் 1967இல் காட்டிய புதிர் இதுதான்: மாணவர், மாணவியர் உடல் எடை பற்றிய ஒரே தரவு, எடை மாற்றத்தைப் பார்த்தவர் இரு பாலாருக்கும் வித்தியாசமில்லை என்றார், ஆன்கோவா போட்டவர் உண்டு என்றார்.

என்னைக் கேட்டால், புலனுணர்வு, கவனம், எதிர்வினை நேரம் என்று தடம் விடாத சோதனைகளுக்கு ஒரே ஆட்கள். பயிற்சிக்கும் சிகிச்சைக்கும் இரு குழு, கூடவே நல்ல முன்தேர்வும் ஆன்கோவாவும். ஆட்கள் 20, 30 பேர்தான் என்றால் மட்டும் தொகுதி.

எதைத் தேர்ந்தாலும் அளவீட்டின் ஆட்டம் தனியாக மிச்சமிருக்கும். எதிர்வினை நேரத்தை ஒரே ஒரு முயற்சியில் எடுக்காமல் 40 முயற்சிகளின் சராசரியாக எடுத்தால், முயற்சிக்கு முயற்சி தற்செயலாக வரும் மாறுபாடு நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். அதற்குப் பங்கேற்பாளர் நாற்காலியில் இன்னும் சில நிமிடம் உட்கார்ந்தால் போதும்.