ஆய்வேட்டை என்ன செய்வது: கட்டுரையா, புத்தகமா?

வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்து முனைவர் பட்டமும் வந்தாயிற்று. கொடைக்கானல் மலைப்பூண்டு விவசாயிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய 240 பக்க ஆய்வேடு, ரெக்ஸின் அட்டையும் பொன்னெழுத்துமாகப் பீரோ மேல் கிடக்கிறது. அப்படியே விடலாம், ஜர்னல் கட்டுரைகளாக உடைக்கலாம், புத்தகமாக்கலாம். மூன்றிலும் கை வைத்துவிட்டேன். புத்தகம் மட்டும் இன்னும் பாதியில்.

சும்மா விட்டாலும் பிரதி சோத்கங்காவில் ஏறிவிடும். காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம் அது; நமக்குச் செலவில்லை. ஆனால் அங்கே தேடி வருபவர் அடுத்த ஆய்வு மாணவர்தான், அவருக்கும் நம் இரண்டாம் அத்தியாயம் போதும்.

வேலைதான் குறி என்றால் கட்டுரைதான், யோசிக்கவே வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிகளில் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அட்டவணையில் கட்டுரைக்குத் தலா 2 மதிப்பெண். பல்கலைக்கழகத்துக்கு 10 வரை, கல்லூரிக்கு 6 வரை. புத்தகத்துக்கு அதில் இடமே இல்லை. ஆய்வேடு கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2022இல் எடுத்துவிட்டார்கள். அதை நம்பி அசந்துவிடாதீர்கள். என் முதல் கட்டுரை பதினான்கு மாதம் காத்துக் கிடந்தது. கட்டுரைக்காகச் சுருக்கச் சுருக்க விவசாயிகளெல்லாம் உதிர்ந்து, கடைசியில் அட்டவணைகள் மிஞ்சின.

இதற்கிடையில், "உங்கள் ஆய்வேட்டை இலவசமாகப் புத்தகமாக்குகிறோம்" என்று வெளிநாட்டிலிருந்து மெயில் வரும். எடிட்டிங் கிடையாது, விலை யூரோவில். கொடைக்கானல் மலைக்கிராமமான பூம்பாறையில் யார் வாங்குவார்? அழித்துவிட்டேன்.

தமிழ்ப் புத்தகம் வேறு ஜாதி வேலை. 'மரபுசார் சேமிப்பு முறை' என்று ஆங்கிலத்தில் நாலு பக்கம் அளந்திருந்தேன். பூண்டைத் தாளோடு கட்டி அடுப்புக்கு மேல் தொங்கவிட்டுப் புகை காட்டுவதுதான் விஷயம். தமிழில் எழுதியதைப் பூம்பாறையில் ஒரு பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எந்த வெறகுன்னு எழுதலியே சாமி?" என்றார். நெறியாளரும் கேட்கவில்லை, தேர்வாளர் இருவரும் கேட்கவில்லை. அதற்காகவே இன்னொரு முறை பஸ் ஏறி, மூன்று வீட்டு அடுப்படியில் கண் எரிய உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

என்னைக் கேட்டால், முதலில் இரண்டு கட்டுரை, பிறகு தமிழில் புத்தகம். ஜர்னலுக்குக் காப்புரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் அதே வாசகத்தைப் புத்தகத்தில் போட அனுமதி வாங்க வேண்டும். தமிழில் புதிதாக எழுதினால் அந்தத் தொல்லை குறைவு. ஆய்வு முறையியல் அத்தியாயத்தைத் தயங்காமல் வெட்டுங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். அதற்கென்று தனியாகக் காசு கேட்கும் பதிப்பாளரிடம் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.