திருப்பூர் வெயில்ல கண்டெய்னர் பேட்டரி: மூணு வருஷம் ஓட்டுன அனுபவம்

எங்க பனியன் கம்பெனியில சோலார் கரண்ட சேத்து வைக்கறதுக்கு 500 யூனிட் கரண்ட் புடிக்கற கண்டெய்னர் பேட்டரி ஒண்ணு வாங்கி மூணு வருஷம் முடிஞ்சிருச்சுங்க. நான் அங்க எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பாக்கறேன், கொட்டேஷன் வாங்குனதுல இருந்து இந்த வாரம் பில்டர் கழுவுனது வரைக்கும் என் கையில தான் ஓடுது. இப்ப நம்ம ஏரியாவுல நிறைய பேர் போட யோசிக்கறாங்க, அதான் எழுதறேன்.

எதுக்கு வாங்குனோம்னா, கூரை மேல 600 கிலோவாட் சோலார் இருக்கு. பக்கத்து செட்டுக்கும் சேத்து போட்டது, ஆனா அந்த செட்டுக்கு மெஷின் வரவே இல்ல. உச்சி வெயில்ல 450 கிட்ட வரும், எங்க லோடு 300 தாண்டாது, ஜீரோ எக்ஸ்போர்ட் செட்டிங்ல, அதாவது மிச்ச கரண்ட வெளி லைனுக்கு அனுப்பாத மாதிரி இருக்கறதால மிச்சத்த இன்வெர்ட்டரே அமுக்கிடும். ஞாயித்துக்கிழமை லீவுன்னா கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு. அதே கம்பெனியில சாயங்காலம் ஆறுல இருந்து பத்து வரைக்கும் பீக் அவர், எச்டி (ஹை டென்ஷன்) லைனுக்கு யூனிட் ரேட்டுக்கு மேல 25 சதவீதம் சேத்து கட்டணும், ஒன்றரை ஷிப்ட்ல எட்டரை மணி வரைக்கும் தையல் பூரா ஓடிட்டு இருக்கும். பகல்ல வீணாக்கிட்டு ராத்திரி கூட காசு குடுத்து வாங்கறோமேன்னு வயிறு எரியும்.

இப்ப அந்த பகல் மிச்சம் பொட்டிக்குள்ள போய், சாயங்காலம் பீக்ல வெளிய வருது. ஞாயித்துக்கிழமை ரொம்புனது திங்கக்கிழமை காலைல ஆறரை மணி பீக்குக்கு ஆகுது. இந்த வேலைய மூணு வருஷமா ஒழுங்கா செய்யுது, பீக் அவர் பில்லு நல்லாவே கொறஞ்சிருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள பொட்டி ரொம்பிடும், அதுக்கப்புறம் வர்றது பழையபடி வீண் தான். வாரத்துல ஒரு நாள் மிச்சத்துக்காக பெரிய பொட்டி வாங்குனா போட்ட காசு வராது, தினசரி எவ்வளவு மிஞ்சுதோ அத வச்சு தான் சைஸ் பாக்கணும்.

செல் எல்லாம் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை. அதப் பத்தி எனக்கு பெரிய குறையே இல்ல. மொத வருஷம் ஃபுல்லா ரொப்பி காலி பண்ணி பாத்தப்ப 462 யூனிட் குடுத்துது, போன மாசம் 431. எனக்கு தலவலி எல்லாம் கூலிங்ல தான்.

மொத சித்திரை மாசமே, மத்தியானம் ரெண்டரை மணிக்கு டெம்பரேச்சர் அலாரம். செல்லுக்கு 25 டிகிரி சுத்தி இருந்தா நல்லது, அன்னிக்கு 38 காட்டுது, பவர பாதியா கொறச்சிடுச்சு. பேட்டரிய குளுமை பண்ற சில்லர் ஓடிட்டு தான் இருக்கு. பின்னாடி கவர கழட்டி பாத்தா சில்லரோட சூட்ட வெளிய தள்ளுற கண்டென்சர் தகடு மேல பஞ்சு தூசி கம்பளி மாதிரி ஒட்டியிருக்கு, நகத்துல கீறுனா அப்படியே தோல் உரியற மாதிரி பட்டையா உரிஞ்சு வருது. நிட்டிங் செட்டோட எக்ஸாஸ்ட் நேரா அந்தப் பக்கம் பாத்து அடிக்குது, பொட்டிய வைக்கறப்ப நாங்களும் யோசிக்கல, வந்து வச்சவங்களும் கேக்கல. எக்ஸாஸ்ட் டக்ட திருப்பி விட்டு, சனிக்கிழமை தோறும் ப்ளோயர் அடிச்சு மெத்து பிரஷ் போட்டு கழுவறோம், அப்புறம் அந்த அலாரம் வரவே இல்ல. சில்லர் சாப்பிடற கரண்டையும் கணக்குல சேருங்க. மார்கழியில 100 யூனிட் உள்ள விட்டா 86 திரும்பி வருது, கத்திரி வெயில்ல 80 வந்தாலே சந்தோஷம். கொட்டேஷன்ல போடற நம்பர் பல நேரம் சில்லர் செலவ சேக்காம போட்டது, மீட்டர்ல வர்ற நம்பர் என்னன்னு எழுதி வாங்குங்க.

ரெண்டாவது, சார்ஜ் சதவீதத்த முழுசா நம்பாதீங்க. ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய் பேட்டரியில ஓடிட்டு இருந்தப்ப ஸ்கிரீன்ல 34 காட்டிட்டு இருந்தது ரெண்டு நிமிஷத்துல 9க்கு விழுந்துச்சு, ஜெனரேட்டர் போடறதுக்குள்ள நிட்டிங் மெஷின் நின்னு அத்தன ரோல்லயும் கோடு விழுந்துருச்சு. எல்எஃப்பி செல்லுக்கு நடுவுல வோல்டேஜ் ஏறாம எறங்காம ஒரே மட்டமா நிக்கும், அதனால பிஎம்எஸ்ஸு (பேட்டரிய கண்காணிக்கற கன்ட்ரோல் சிஸ்டம்) உள்ள போனத வெளிய வந்தத கூட்டி கழிச்சு தான் சொல்லுது, நாளாக நாளாக கணக்கு நழுவிடும். வாரம் ஒரு தடவ 100 வரைக்கும் ரொப்புனா தானா சரி பண்ணிக்கும். எங்கள்ள 90ல நிக்கற மாதிரி செட் பண்ணி விட்டிருந்தாங்க. இப்ப ஞாயித்துக்கிழமை ஃபுல்.

ரெண்டாவது வருஷம் ஒரு ரேக்ல (அலமாரி மாதிரி அடுக்கு) ஒரு மாட்யூல் (செல் கட்டு) வீக் ஆச்சு. ஆறு ரேக்ல அத மட்டும் பிரிச்சு விட்டுட்டு மிச்ச அஞ்ச ஓட்டுனோம், மாட்யூலர்னு சொல்றதோட பலன அன்னிக்கு தான் கண்ணால பாத்தேன். சர்வீஸ்காரங்க ஆனா சூடு அதிகமாயிருச்சு, வாரன்டி வராதுன்னுட்டாங்க. நான் மாசாமாசம் பிஎம்எஸ் லாக பென்டிரைவ்ல எடுத்து வச்சிருந்தேன், அந்த ரேக் ஒரு நாளும் லிமிட் தாண்டலைன்னு தேதி வாரியா காட்டுனதும் ஒத்துக்கிட்டாங்க, அப்பவும் மாட்யூல் வந்து சேர ஏழு வாரம். புதுச பழசோட வோல்டேஜுக்கு கொண்டு வந்து தான் சேக்கணும், அதுக்கு ஒரு பகல் பூரா போச்சு. லாக் உங்க கையில இருக்கணுங்க, அவங்க சர்வர்ல மட்டும் இருந்தா பத்தாது.

தீ பயம் எனக்கு இன்னும் இருக்கு, இருக்கவும் வேணும். 2019 ஏப்ரல்ல அமெரிக்காவுல அரிசோனாவுல ஒரு பேட்டரி ஸ்டேஷன்ல புகை வந்து, சில மணி நேரம் கழிச்சு தீயணைப்பு வீரங்க கதவ தெறந்தப்ப உள்ள சேந்திருந்த கேஸ் வெடிச்சு பலத்த காயம். அது வேற வகை செல்லு, ஆனா எல்எஃப்பி சூடாகி கெட்டாலும் எரியற கேஸ் வரும். அதனால துணி குடோன்ல இருந்து தள்ளி வச்சிருக்கோம், வாட்ச்மேன் அண்ணன்கிட்ட நான் திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணு தான்: புகை தெரிஞ்சா கதவ தொடாதீங்க, ஆளுங்கள தூர கூட்டிட்டு போயிட்டு போன் பண்ணுங்க.

அந்த காலி செட்டுக்கு வர்ற தையில மெஷின் வருது. நைட்டு ஷிப்ட்டும் ஆரம்பிச்சா இன்னொரு பொட்டி வாங்கலாம்னு மொதலாளி சொல்றாரு, தளம் இப்பவே போட்டாச்சு, இந்தத் தடவ நிட்டிங் செட்டுக்கு எதிர்ப் பக்கம். அதுக்கு தனி இன்வெர்ட்டர் கேட்டிருக்கேன். மூணு வருஷம் தேஞ்ச ரேக்கையும் புது ரேக்கையும் ஒரே லைன்ல கட்டுனா பழசு எப்ப காலியாகுதோ அப்பவே புதுசும் நிக்க வேண்டி வரும்.