விழும் பனியைப் பார்ப்பதா, கிடக்கும் பனியை அளப்பதா, எடை போடுவதா?

அண்டார்டிகாவில் பனிப்பொழிவை அளக்க வெளியே ஒரு மானியை வைத்தால், காற்று விழுகிற பனியை வாரிக்கொண்டு போகும்; இல்லையென்றால் தரையில் கிடந்த பழைய பனியைக் கொண்டுவந்து அதில் நிரப்பும். அதனால்தான் செயற்கைக்கோளை நம்ப வேண்டியிருக்கிறது. அதிலும் மூன்று வழிகள். மூன்றும் வேறுவேறு விஷயங்களை அளக்கின்றன.

பனி விழும்போதே பார்ப்பது ரேடார். 2006-இல் ஏவப்பட்ட கிளவுட்சாட் என்ற ரேடார் செயற்கைக்கோளின் தரவிலிருந்து, 82 பாகை தெற்கு வரையிலான அண்டார்டிகாவுக்கு ஆண்டுச் சராசரியாக 171 மி.மீ. நீருக்குச் சமமான பனி என்று கணக்கு வந்தது. ஆனால் தரையின் பலத்த எதிரொலியால் தரையை ஒட்டிய கடைசி ஒரு கி.மீ. சொச்சம் அதற்குத் தெரியாது. வம்பே அங்கேதான். கிழக்கு அண்டார்டிகாவின் அடேலி நிலக் கரையோரத்தில், உள்பகுதியிலிருந்து சரிந்து வரும் வறண்ட காற்று, பனியில் ஒரு பங்கைத் தரை தொடும் முன்பே ஆவியாக்கிவிடுகிறது. மேலே எண்ணிய பனி கீழே வந்து சேர்ந்ததா என்று ரேடாரால் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு 2011-இல் பேட்டரி பழுதாகி, அப்புறம் வெயில் படும் இடங்களில் மட்டுமே இயங்கியது. துருவக் குளிர்காலமோ நீண்ட இரவு! 2024-இல் போன எர்த்கேர் செயற்கைக்கோளின் ரேடார், பனி விழும் வேகத்தையும் அளக்கிறது.

லேசர் வழி ஐஸ்சாட்-2, 2018 முதல். ஆறு கற்றைகளால் பனிப்பரப்பின் உயரத்தை நுட்பமாக அளக்கும். 91 நாளுக்கொரு முறை அதே தடத்துக்குத் திரும்பும். சரி, உயரம் தெரிந்தது, எடை? புதுப்பனி பஞ்சு மாதிரி. நாளாக ஆகத் தானே அமுங்கும். ஒரு கிராம்கூடக் குறையாமல் உயரம் மட்டும் இறங்கும். அடர்த்தியைக் கணினி மாதிரிக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது வழியான கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து, அந்த இடைவெளி மாறுவதை வைத்து ஈர்ப்பை, அதன் வழியே கீழே உள்ள பனியின் எடை மாற்றத்தை அளந்தன. 2009, 2011 ஆண்டுகளில் கிழக்கு அண்டார்டிகாவின் டிரோனிங் மௌட் நிலத்தில் கொட்டிய பனி, சுமார் 35,000 கோடி டன் எடையாக அதில் பதிவானது. ஆனால் பார்வை மங்கல்: ஏறக்குறைய 300 கி.மீ.க்குக் குறைந்த இடங்களைப் பிரித்துக் காட்டாது, கணக்கும் மாதம் ஒருமுறைதான். கடலுக்கு வழிந்த பனியும், அடியில் பாறை மெல்ல உயர்வதும் அதே கணக்கில் கலந்துவிடும்.

மொத்த வரவுசெலவுக்கு என் ஓட்டு கிரேஸுக்கும், 2018-இல் ஏவப்பட்ட அதன் வாரிசுக்கும்தான். ஆனால் எவ்வளவு பனி பெய்தது என்று மட்டும் கேட்டால், குறையோடு இருந்தாலும் ரேடார்தான். மற்ற இரண்டும் செலவு போக மிஞ்சியதையே காட்டுகின்றன.