நிகோடின் கம்மா, பேட்ச்சா?

சிகரெட்டை விட முடிவெடுத்து மருந்துக்கடைக்குப் போனால் வரும் குழப்பம் இது.

ஓர் இழுப்பு இழுத்தால் 10–20 வினாடியில் நிகோடின் மூளையைத் தொட்டுவிடும். அந்த வேகத்துக்குத்தான் மூளை அடிமையாகிறது. மெல்லும் கம்மும் தோலில் ஒட்டும் பேட்ச்சும் அதே நிகோடினை மெதுவாகத் தருகின்றன, புகையில்லாமல்.

வேகம்:
கம் – நிகோடின் ரத்தத்தில் உச்சம் தொட 20, 30 நிமிடம்.
பேட்ச் – சில மணி நேரம்; ஆனால் நாள் முழுக்கச் சீராக.

வசதி:
பேட்ச் – காலையில் ஒட்டினால் மறந்துவிடலாம்.
கம் – இதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பபிள்கம் மாதிரி மென்று தள்ளினால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். சுருக்கென்று காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் அதக்கிக்கொள்ள வேண்டும், தாத்தா வெற்றிலையை அதக்குவது போல. காரம் போனதும் மறுபடி நாலு மெல்லு. கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, ஜூஸ் வேண்டாம்.

தொல்லை:
கம் – தாடை வலி.
பேட்ச் – அரிப்பு, கன்னாபின்னாவென்று கனவு. இடத்தை மாற்றி ஒட்டுங்கள். கனவு தாங்கவில்லையென்றால் படுக்கும்போது கழற்றிவிடலாம்.

செலவு: கம்மை ஓர் அட்டை வாங்கிப் பார்க்கலாம். பேட்ச் எல்லாக் கடையிலும் இருக்காது.

டீக்கடையில் மட்டும் நாலைந்து பிடிப்பவருக்கு 2 மி.கி. கம் போதும். பல்செட் கட்டியவருக்கு பேட்ச். எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு என் ஓட்டு இரண்டுக்கும்: அடித்தளத்துக்கு பேட்ச், திடீர் ஆசைக்குக் கம். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மட்டும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.