பழைய இரும்புத் தையல் மெஷினா, புதிய எலக்ட்ரானிக் மெஷினா?

பழைய கோட் ஒன்றின் இடுப்பைப் பெரிதாக்கலாம் என்று பிரித்தேன். உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டுத் தைத்திருந்தார்கள். உடம்பு பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளட்டும் என்று யோசித்துத் தைத்த உடை அது. இப்போது வாங்கும் சட்டைகளில் ஓரத்தை ஒட்ட வெட்டி, நூல் பிரியாமல் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் அடித்துவிடுகிறார்கள். பிரித்தால் கையில் நூல்தான் மிஞ்சும்.

சரி, தைக்கலாம் என்று உட்கார்ந்தால் என் எலக்ட்ரானிக் மெஷினின் திரை இருண்டு போனது. வாங்கி ஆறு வருடம். மோட்டார் நன்றாக இருந்தது, அடிநூலைப் பிணைக்கும் ஷட்டில் நன்றாக இருந்தது, போனது சர்க்யூட் போர்டு. "அந்த மாடலே நின்னு போச்சு, போர்டு வராது" என்றார் ரிப்பேர்காரர். அப்புறம்தான் சிங்கர் கம்பெனியின் 15 வகை என்ற பழைய இரும்புக் கால்மிதி மெஷின் ஒன்றை வாங்கினேன். இரண்டு வருடமாக அதில்தான் தையல். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை.

புதிய மெஷினின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: தானாக நூல் கோக்கும், பொத்தானை அழுத்தினால் காஜா போடும், ஒரு கையால் தூக்கிவிடலாம். எனக்கு உண்மையிலேயே இழப்பாகத் தெரிவது ஜிக்ஜாக் தையல் ஒன்றுதான், அதாவது வளைந்து வளைந்து விழுந்து, துணி இழுபட்டால் கூடவே விரியும் தையல். இழுபடும் எலாஸ்டேன் இழை 1958-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. என் மெஷின் அதற்கு முந்தைய உலகத்துக்கானது. நேர்த்தையல் மட்டுமே தெரியும். பனியன் துணியை அதில் அடித்துப் போட்டால், தலை வழியே மாட்டும்போதே நூல் பட்டென்று அறும். டி-ஷர்ட், லெக்கிங்ஸ்தான் அதிகம் தைப்பீர்கள் என்றால் யோசிக்காமல் புதியதையே வாங்குங்கள்.

மற்றவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: பழுதானால் யாரால் சரிசெய்ய முடியும்?

பழைய மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தால் எல்லாமே கண்முன் இருக்கும். எந்தத் தண்டு எதை ஆட்டுகிறது என்று சக்கரத்தைக் கையால் சுற்றியபடியே புரிந்துகொள்ளலாம். என்னுடையது வந்தபோது அசையவே இல்லை. உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உள்ளே பழைய எண்ணெய் காய்ந்து பிசினாக இறுகியிருந்தது, அவ்வளவுதான். மூட்டுக்கு மூட்டு மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டேன். மூன்றாம் நாள் சக்கரம் சுற்றியது. அதன்பின் தையல் மெஷின் எண்ணெய், ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு. (சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம். மறுபடி பிசின்தான்.) தோல் பெல்ட் தளர்ந்தால் கொஞ்சம் வெட்டிவிட்டுக் கம்பிக் கொக்கியால் இணைத்தால் முடிந்தது. தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பார்க்க வேண்டும், பாதி நேரம் கோளாறு அதோடு தீரும்.

உதிரிபாகங்களுக்கும் அலைய வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இந்த 15 வகையை அப்படியே பார்த்து ஏராளமாகச் செய்தார்கள். அதனால் அடிநூல் சுற்றும் பாபின், அதை வைக்கும் பாபின் கேஸ் எல்லாம் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. ஊசியும் இன்றைய வீட்டு மெஷின்களுக்குப் போடும் அதே சாதாரண ஊசிதான்.

அதற்காகப் பழையது எல்லாமே தங்கம் என்று நினைத்துவிடக் கூடாது. சிங்கர் 206, 306 மாடல்களுக்கு வேறு அளவு ஊசி வேண்டும், தேடித்தான் வாங்க வேண்டும். 1960-களில் வந்த சிங்கரின் டச் அண்ட் சோ வரிசை மெஷின்களில் நைலான் கியர்கள் வந்துவிட்டன. வருடங்கள் ஓட ஓட அவை விரிசல் விடும். மோட்டார் பொருத்திய பழைய மெஷின் என்றால் வயரின் மேலுறை பொடிந்திருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். சிங்கராக இருந்தால் மெஷினில் பொறித்திருக்கும் வரிசை எண்ணை வைத்தே எந்தக் காலத்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இடம் இல்லாதவர்களுக்கு 1933-இல் வந்த சிங்கரின் சிறிய மெஷின் ஃபெதர்வெயிட் 221 உண்டு. அலுமினிய உடல், ஏறத்தாழ ஐந்து கிலோ. நான் அதில் தைத்ததில்லை, அதனால் பரிந்துரைக்கும் தகுதி எனக்கு இல்லை. எம்பிராய்டரி பக்கமும் நான் போனதில்லை. அதற்குப் புதிய மெஷின்தான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். என் அனுபவமெல்லாம் கோட், பேண்ட், திரைச்சீலை, துணிப்பை, அவ்வளவுதான். தோல் தைத்துப் பார்த்ததில்லை.

கோட்டின் இடுப்பை ஒருவழியாகப் பிரித்து விட்டுத் தைத்தாயிற்று. எலக்ட்ரானிக் மெஷின் அலமாரியின் மேல் சும்மா கிடக்கிறது. அதோடு வாங்கிய ஊசிகள் மட்டும் ஒவ்வொன்றாகப் பழைய மெஷினில் தீர்ந்துகொண்டிருக்கின்றன.